வேலைப் பளுவா, வேலையில் பேச்சு எடுபடாத நிலையா? மனச்சோர்வின் வேர் எங்கே?

நாட்டில் மனச்சோர்வு நோய்க்கு ஆளான பெரியவர்களின் விகிதம் நான்கே ஆண்டுகளில் இரண்டு மடங்காகியிருக்கிறது. சுகாதார அமைச்சின் தேசியச் சுகாதார ஆய்வில் 2019ஆம் ஆண்டு 2.3 விழுக்காடாக இருந்த அளவு, 2023ஆம் ஆண்டு 4.6 விழுக்காட்டைத் தொட்டது. ஆள் கணக்கில் சொன்னால் ஏறக்குறைய 10 லட்சம் பேர்.

இந்த உயர்வுக்குப் பல காரணங்கள் உண்டு. பெருந்தொற்றுக் காலம், கடன், குடும்பச் சிக்கல், தனிமை எல்லாமே இதில் கலந்திருக்கின்றன. ஆனால், வேலைக்குப் போகும் ஒருவர் விழித்திருக்கும் நேரத்தில் பெரும்பகுதி வேலையிடத்திலும் அங்கே போய்வரும் சாலையிலும்தான் கழிகிறது. வேலையிட மனநலச் சிக்கல்களால் 2018ஆம் ஆண்டில் மட்டும் நாட்டுக்கு 14.46 பில்லியன் ரிங்கிட் இழப்பு ஏற்பட்டதாக ரிலேட் மலேசியா அமைப்பு கணக்கிட்டது. எம்.சி. எடுத்து வீட்டில் இருந்த நாட்களால் வந்த இழப்பு அதில் ஒரு பகுதிதான். மனம் ஒட்டாமல் வேலைக்கு வந்து, நேரத்தைத் தள்ளிவிட்டுப் போன நாட்களால் வந்த இழப்பே மிகப் பெரிது.

அப்படியென்றால் வேலையில் எது மனத்தை அரிக்கிறது? யாரைக் கேட்டாலும் வரும் பதில், "வேலை அதிகம்" என்பது. அது பொய்யில்லை. ஆனால் 40 ஆண்டுகளுக்கும் மேலாக நடந்துவரும் ஆய்வுகள் இன்னொன்றையும் சேர்த்துச் சொல்கின்றன. எவ்வளவு வேலை என்பதைப் போலவே, அந்த வேலையில் ஒருவரின் பேச்சு எவ்வளவு எடுபடுகிறது என்பதும் மனநலத்தைத் தீர்மானிக்கிறது.

இரண்டு கேள்விகள்

அமெரிக்க ஆய்வாளர் ராபர்ட் கரசெக் 1979ஆம் ஆண்டு இதை எளிய சட்டகமாக முன்வைத்தார். ஒரு வேலையை எடைபோட அவர் இரண்டு கேள்விகளைக் கேட்டார். அந்த வேலை ஒருவரிடமிருந்து எவ்வளவு கேட்கிறது? அதை எப்படி, எப்போது, எந்த வரிசையில் செய்வது என்று முடிவெடுக்க அவருக்கு எவ்வளவு இடம் இருக்கிறது?

வேலை அதிகம், முடிவெடுக்கும் இடமும் அதிகம் என்றால் உடல் களைத்தாலும் மனம் வளர்கிறது. வேலை அதிகம், முடிவெடுக்க இடமே இல்லை என்றால்தான் ஆபத்து. கரசெக் அதையே 'வேலை இறுக்கம்' என்றார்.

தீபாவளிக்கு முந்திய வாரத்தில் பிரிக்பீல்ட்ஸ் துணிக்கடை ஒன்றை எண்ணிப் பார்க்கலாம். முதலாளியும் நிற்கிறார், விற்பனைப் பெண்ணும் நிற்கிறார். இருவருக்கும் கால் வலிக்கிறது. ஆனால் எப்போது உட்காருவது, எவ்வளவு விலை குறைப்பது, எப்போது கடையைச் சாத்துவது என்பதெல்லாம் முதலாளியின் கையில். விற்பனைப் பெண்ணோ கழிப்பறைக்குப் போவதற்கும் அனுமதி கேட்க வேண்டும். இரவில் இருவரும் ஒரே அளவு களைப்போடு வீடு திரும்பலாம். ஆனால் ஒரே மனநிலையோடு திரும்புவதில்லை.

இந்தச் சட்டகத்தோடு 1988ஆம் ஆண்டு ஜெஃப்ரி ஜான்சன், எலன் ஹால் இருவரும் மூன்றாவது கேள்வி ஒன்றைச் சேர்த்தார்கள். சிக்கல் வந்தால் தோள் கொடுக்க உடன் வேலை செய்பவரோ மேலாளரோ இருக்கிறாரா? வேலை அதிகமாகி, பேச்சும் எடுபடாமல், துணையும் இல்லாமல் போனால் அதுவே மிக மோசமான நிலை.

பெரிய நாற்காலிக்கா அதிக அழுத்தம்?

பெரிய பதவியில் இருப்பவருக்குத்தான் மன அழுத்தம் அதிகம் என்ற எண்ணம் நம்மிடம் இன்றும் இருக்கிறது. லண்டன் அரசு அலுவலகங்களில் நடந்த வைட்ஹால் ஆய்வுகள் அந்த எண்ணத்தை அசைத்தன.

1967ஆம் ஆண்டு தொடங்கிய முதல் ஆய்வில் 17,000க்கும் மேற்பட்ட ஆண் ஊழியர்கள் கலந்துகொண்டனர். அவர்கள் எல்லோருக்கும் நிரந்தர வேலை, இலவச மருத்துவம். இருந்தும் கடைநிலை ஊழியர்கள் இதய நோயால் இறக்கும் அளவு, உயர் அதிகாரிகளைவிட ஏறக்குறைய மூன்று மடங்காக இருந்தது. புகைப்பழக்கம், இரத்த அழுத்தம் போன்றவற்றைக் கழித்துப் பார்த்த பிறகும் இடைவெளி மறையவில்லை.

சர் மைக்கேல் மார்மட் தலைமையில் 1985ஆம் ஆண்டு தொடங்கிய இரண்டாம் ஆய்வு, ஆண், பெண் ஊழியர்கள் 10,308 பேரைப் பின்தொடர்ந்தது. வேலையில் தன் போக்குக்கு இடம் குறைந்தவர்களுக்கு இதய நோயும், ஆதரவு குறைந்தவர்களுக்கு மனநலக் கோளாறும் கூடுதலாக வந்தது அதில் தெரிந்தது.

இங்கே ஒரு நியாயமான ஐயம் எழும். ஏற்கெனவே மனம் சோர்ந்தவருக்கு எல்லா வேலையும் இருட்டாகத்தானே தெரியும்? வேலை மனத்தைக் கெடுத்ததா, கெட்ட மனம் வேலையைக் குறை சொல்கிறதா?

பிரிட்டனில் 6,870 பேரைப் பின்தொடர்ந்து 2018ஆம் ஆண்டு வெளியான ஆய்வு ஒன்று இதை நேராக எதிர்கொண்டது. 45 வயதில் அவர்களுடைய வேலை எப்படி இருந்தது என்று கேட்டு, 50 வயதில் மனநலம் எப்படி இருக்கிறது என்று பார்த்தார்கள். அதற்கு முந்திய மனநலம், குணம், மணமுறிவு, பணக்கஷ்டம் போன்றவற்றையும் கணக்கில் எடுத்தார்கள். அப்போதும் வேலை இறுக்கம் தனியாகத் தெரிந்தது. அந்த இறுக்கத்தை நீக்கியிருந்தால் புதிதாக வந்த மனநோய்களில் 14 விழுக்காடு வரை தடுத்திருக்கலாம் என்பது அவர்களின் கணக்கு. எல்லா மனச்சோர்வுக்கும் வேலைதான் காரணம் என்று இதற்குப் பொருளில்லை. ஆனால் ஏழில் ஒன்று என்பது தள்ளிவிடக்கூடிய அளவும் இல்லை.

கிள்ளான் தோட்டத்தார் 1941இல் கேட்டது

இந்த ஆய்வுகளெல்லாம் வருவதற்கு முன்பே, கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் இதைத் தங்கள் வாழ்க்கையிலிருந்து அறிந்திருந்தார்கள்.

1941ஆம் ஆண்டு, ஆர்.எச். நாதன் முன்னின்ற கிள்ளான் வட்டார இந்தியர் சங்கத்தின் பின்னால் திரண்ட அவர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். அவர்கள் முன்வைத்த 12 கோரிக்கைகளை இன்று படித்தால் ஒன்று கண்ணில் படும். சீனத் தொழிலாளர்களுக்கு இணையான சம்பளம் வேண்டும் என்பது ஒரு கோரிக்கை. 10 முதல் 12 மணி நேர வேலையை ஒழிக்க வேண்டும் என்பது இன்னொன்று. மற்றவற்றில் பெரும்பகுதி சம்பளமும் நேரமும் சாராதவை.

கொடுமை செய்யும் மேற்பணியாளர்களை நீக்கித் தமிழ் தெரிந்தவர்களை வைக்க வேண்டும். தோட்டத்துப் பெண்களிடம் அத்துமீறுவதை நிறுத்த வேண்டும். உறவினரும் நண்பரும் தோட்டத்துக்குள் வந்துபோகத் தடை கூடாது. பேசவும் கூடவும் உரிமை வேண்டும். குறை சொன்னவரைப் பழிவாங்கக் கூடாது. துரையும் கிராணியும் எதிரே வந்தால் சைக்கிளை விட்டு இறங்கி நிற்க வேண்டும் என்ற வழக்கம் ஒழிய வேண்டும்.

சைக்கிளில் இருந்து இறங்குவதால் யாருடைய சம்பளமும் குறைவதில்லை. பால்வெட்டும் தடைபடுவதில்லை. ஆனாலும் அதை ஒரு கோரிக்கையாக எழுதிக் கொடுத்தார்கள். நாள் முழுதும் அடுத்தவர் சொற்படி ஆடும் வாழ்க்கையில், சொந்த சைக்கிளில் போகும் அந்தச் சில நிமிடங்களாவது தன்னுடையதாக இருக்க வேண்டும் என்ற எண்ணம் அதில் இருந்தது.

அரசாங்கம் அதைக் கலகமாகவே பார்த்தது. மே மாதம் நாதன் கைது செய்யப்பட்டு, பின்னர் இந்தியாவுக்கு நாடு கடத்தப்பட்டார். இராணுவம் வந்தது. தொழிலாளர் ஐந்து பேர் சுட்டுக் கொல்லப்பட்டனர். நூற்றுக்கணக்கானோர் கைதாயினர்.

பெரட்டுக் களத்திலிருந்து கைப்பேசிக்கு

1980களிலிருந்து கிள்ளான் பள்ளத்தாக்கின் தோட்டங்கள் ஒவ்வொன்றாகத் துண்டாடப்பட்டு வீடமைப்புத் திட்டங்களாகவும் நெடுஞ்சாலைகளாகவும் மாறின. அங்கிருந்து வெளியேறியவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இன்று பாதுகாவலர், லோரி ஓட்டுநர், துப்புரவுப் பணியாளர், தொழிற்சாலை ஊழியர், அழைப்பு மையப் பணியாளர், இ-ஹெய்லிங் ஓட்டுநர், அலுவலக ஊழியர் எனப் பல வேலைகளில் இருக்கிறார்கள்.

தோட்ட வாழ்க்கை சுகமானது என்று யாரும் சொல்ல முடியாது. விடியுமுன் பெரட்டு, மழை பெய்தால் சம்பளம் இல்லாத நாள், மண்டோர் சொல்வதே சட்டம். ஆனால் அங்கே மூன்றாவது கேள்விக்கு ஒரு பதில் இருந்தது. லயத்தில் பக்கத்து வீடு இருந்தது. மாலையில் பேச ஆள் இருந்தார். கோயில் திருவிழாவுக்கு எல்லோரும் ஒன்றாக நின்றார்கள். ஒருவர் முகம் வாடினால் மற்றவர் கண்ணில் பட்டுவிடும்.

நகரத்து வேலைகள் பலவற்றில் பேச்சு எடுபடாத நிலை அப்படியே தொடர்கிறது, அந்தத் துணையோ போய்விட்டது. அடுக்குமாடி வாசலில் இரவெல்லாம் தனியே அமர்ந்திருக்கும் பாதுகாவலரை நினைத்துப் பார்க்கலாம். மாற்று ஆள் வரவில்லை என்றால் அடுத்த ஷிப்டும் அவர் தலையில். மறுநாள் பணி எங்கே என்பது முந்திய இரவில் வரும் வாட்ஸ்அப் செய்தியில்தான் தெரியும். கிள்ளான் துறைமுகத்தில் கொள்கலனுக்காகக் காத்திருக்கும் லோரி ஓட்டுநருக்கு, எத்தனை மணிக்கு வீடு திரும்புவோம் என்பது அவர் கையில் இல்லை. அழைப்பு மையத்தில் இருப்பவருக்கு எதைப் பேச வேண்டும் என்பது திரையில் ஓடுகிறது. எவ்வளவு நேரம் பேசினார் என்பதையும் கணினியே எண்ணுகிறது.

இ-ஹெய்லிங், உணவு விநியோக வேலைகள் இதில் ஒரு புதிரான வகை. "நினைத்த நேரத்தில் வேலை, நானே எனக்கு முதலாளி" என்றுதான் பலர் அதில் சேருகிறார்கள். வண்டியை எப்போது எடுப்பது என்பது உண்மையில் அவர்கள் விருப்பம். ஆனால் கட்டணம் எவ்வளவு, எந்த ஆர்டர் யாருக்கு, கணக்கை முடக்குவதா வேண்டாமா என்பதெல்லாம் செயலியின் முடிவு. நேரத்தின் மீது பிடி இருக்கிறது, வருமானத்தின் மீது இல்லை. அந்தக் குறையை ஈடுகட்ட இன்னும் கூடுதல் நேரம் ஓட வேண்டியிருக்கிறது. கையில் இருந்த அந்த ஒரு பிடியும் அங்கே நழுவுகிறது.

சட்டம் எங்கே நிற்கிறது?

கடந்த சில ஆண்டுகளில் சட்டத்தில் சில கதவுகள் திறந்துள்ளன. அவற்றைப் பலர் அறியவில்லை.

1994ஆம் ஆண்டு வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத்தின் நோக்கங்களில் ஒன்று, தொழிலாளரின் உடல் தேவைக்கும் உளவியல் தேவைக்கும் ஏற்ற வேலைச் சூழலை உருவாக்குவது. மனநலம் தொடக்கத்திலேயே சட்டத்தில் இருந்தது என்று பொருள். அதன் திருத்தம் 2024 ஜூன் 1 முதல் நடப்புக்கு வந்து, ஏறக்குறைய எல்லா வேலையிடங்களையும் சட்டத்தின் கீழ் கொண்டுவந்தது. முதலாளி ஆபத்து மதிப்பீடு செய்ய வேண்டும். ஐந்து பேரோ அதற்கு மேலோ இருந்தால் பாதுகாப்பு ஒருங்கிணைப்பாளரை நியமிக்க வேண்டும். 40 பேரோ அதற்கு மேலோ இருந்தால் தொழிலாளர் பிரதிநிதிகளும் இருக்கும் பாதுகாப்புக் குழு அமைக்க வேண்டும். கடமை தவறும் முதலாளிக்கான அபராதத்தின் உச்சவரம்பு 50,000 ரிங்கிட்டிலிருந்து 500,000 ரிங்கிட்டாக உயர்ந்தது.

வழுக்கும் தரையும் அறுந்த மின்கம்பியும் ஆபத்து என்று எல்லோருக்கும் தெரியும். ஓய்வே தராத பணி அட்டவணையும், எல்லோர் முன்னாலும் திட்டும் மேற்பார்வையாளரும் ஆபத்துதான் என்று எத்தனை நிறுவனங்கள் தங்கள் மதிப்பீட்டில் எழுதுகின்றன என்பதுதான் கேள்வி.

1955ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டத்தின் திருத்தம் 2023 ஜனவரி 1 முதல் வார வேலை நேரத்தை 48இலிருந்து 45 மணியாகக் குறைத்தது. வேலை நேரம், நாள், இடம் ஆகியவற்றில் மாற்றம் கேட்டுத் தொழிலாளி எழுத்து மூலம் விண்ணப்பிக்கவும் அது வழிசெய்தது. முதலாளி 60 நாட்களுக்குள் எழுத்து மூலம் பதில் தர வேண்டும். மறுத்தால் காரணம் சொல்ல வேண்டும். கேட்டதைக் கொடுத்தே தீர வேண்டும் என்று சட்டம் கட்டாயப்படுத்தவில்லை. கேட்கும் உரிமைதான் கிடைத்திருக்கிறது. ஆனால் கேட்கவே பயந்து நிற்பவருக்கு அதுவும் ஒரு பிடிதான்.

மக்களவை 2025 ஆகஸ்டு 28ஆம் தேதி நிறைவேற்றிய கிக் தொழிலாளர் மசோதா, செயலி வழி வேலை செய்வோருக்குக் குறைகேட்பு வழிமுறையும் தீர்ப்பாயமும் வகுத்தது. ஏறக்குறைய 12 லட்சம் பேர் இதன் கீழ் வருவார்கள் என்று அரசாங்கம் கூறியது. செயலியோடு வாதாட முடியாது என்ற நிலையில் இருந்தவர்களுக்கு முறையிட ஓர் இடம் என்பது சிறிய விஷயமில்லை.

ஆனால் தனி ஒருவர் இந்தக் கதவுகளைத் தட்டுவது கடினம். நாட்டின் தொழிலாளர்களில் சுமார் 6 விழுக்காட்டினர்தான் தொழிற்சங்கங்களில் இருக்கிறார்கள். ஒப்பந்ததாரர் வழியாக வேலைக்குச் சேர்ந்த பாதுகாவலரும் துப்புரவுப் பணியாளரும், வாய் திறந்தால் அடுத்த ஒப்பந்தத்தில் பெயர் இருக்காது என்ற பயத்தில் இருக்கிறார்கள். 1941இல் கிள்ளான் தொழிலாளர்கள் எழுதிய 'குறை சொன்னவரைப் பழிவாங்கக் கூடாது' என்ற கோரிக்கை இவர்களுக்கும் அப்படியே பொருந்துகிறது.

முதலாளியால் என்ன முடியும்?

சிறு முதலாளிகளின் பக்கத்திலும் நியாயம் உண்டு. இலாபம் குறைவு, ஆள் கிடைப்பதில்லை. காவல் சாவடியில் 24 மணி நேரமும் ஆள் இருந்தாக வேண்டும். உணவகத்தில் மதிய நேரக் கூட்டத்தை யாரும் தள்ளிப்போட முடியாது.

ஆனால் வேலையைக் குறைக்க முடியாத இடத்திலும் பேச்சுக்கு இடம் கொடுக்க முடியும். பணி அட்டவணையை இரண்டு வாரம் முன்பே ஒட்டுவது, ஷிப்டைத் தங்களுக்குள் மாற்றிக்கொள்ள விடுவது, ஓய்வு நேரத்தை உண்மையிலேயே கொடுப்பது, வேலை முறையை மாற்றும் முன் அதைச் செய்பவரிடம் ஒரு வார்த்தை கேட்பது. இவற்றில் எதற்கும் பெரிய செலவில்லை.

அமெரிக்காவில் ஒரு பெரிய தகவல் தொழில்நுட்ப நிறுவனத்தில் எரின் கெல்லி, ஃபிலிஸ் மோயன் இருவரும் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்த குழுக்களுக்கு, எப்போது, எங்கே வேலை செய்வது என்பதில் கூடுதல் உரிமை தரப்பட்டது. ஊழியரை ஆதரிக்க மேலாளர்களுக்கும் பயிற்சி தரப்பட்டது. பழைய முறையிலேயே இருந்த குழுக்களைவிட இவர்களிடம் களைப்பும் மனவுளைச்சலும் குறைந்தன. வேலையை விட்டுப் போனவர்களும் குறைவு.

உலக சுகாதார நிறுவனம் 2022 செப்டம்பரில் வெளியிட்ட வேலையிட மனநல வழிகாட்டியும் வேலையின் அமைப்பைச் சீர்செய்வதையும் மேலாளர்களுக்குப் பயிற்சி தருவதையும் பரிந்துரைக்கிறது. இங்கே பல நிறுவனங்கள் ஆண்டுக்கு ஒருமுறை தன்முனைப்பு உரை வைத்து, யோகா வகுப்பு நடத்தி, கடமை முடிந்தது என்று இருந்துவிடுகின்றன. யோகா நல்லதுதான். ஆனால் மறுநாள் காலை அதே அட்டவணை, அதே ஏச்சு என்றால் ஒரு மணி நேரப் பயிற்சி எத்தனை நாள் தாங்கும்?

வீட்டில் இருப்பவர்கள் கவனிக்க

மன அழுத்தமும் மனச்சோர்வு நோயும் ஒன்றில்லை. அழுத்தம் ஓய்வு கிடைத்தால் இறங்கும். மனச்சோர்வு விடுமுறை நாளிலும் விலகாது. இரண்டு வாரத்துக்கு மேல் மனம் இருண்டே இருப்பது, பிடித்தவற்றிலும் நாட்டம் போவது, தூக்கமும் பசியும் மாறுவது, எதிலும் கவனம் நிற்காமல் போவது, தன்னால் யாருக்கும் பயனில்லை என்று தோன்றுவது ஆகியவை அதன் அடையாளங்கள். ஆண்களிடம் இது பல நேரம் எரிச்சலாகவோ குடியாகவோ வெளிப்படும்.

அப்போது "சோம்பேறி", "தைரியம் இல்லாதவன்" என்ற பேச்சு உதவாது. கோயிலுக்குப் போவது மனத்துக்கு ஆறுதல் தரும் என்றால் போகலாம், மருத்துவரையும் பார்க்க வேண்டும். அரசாங்கச் சுகாதாரக் கிளினிக்கில் குடிமக்களுக்கு ஒரு ரிங்கிட் கட்டணத்தில் பரிசோதனை செய்து, தேவைப்பட்டால் நிபுணரிடம் அனுப்புவார்கள். சுகாதார அமைச்சின் ஹீல் உதவி எண் 15555. கோலாலம்பூர் பிஃபிரண்டர்ஸ் அமைப்பை 03-7627 2929 என்ற எண்ணில் 24 மணி நேரமும் அழைக்கலாம். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வந்தால் காத்திருக்கக் கூடாது. தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய குற்றவியல் சட்டத்தின் 309ஆவது பிரிவு 2023ஆம் ஆண்டு நீக்கப்பட்டுவிட்டது. உதவி கேட்டால் போலீஸ் வரும் என்ற பயம் இனித் தேவையில்லை.

மருந்தும் ஆலோசனையும் ஒருவரை எழுந்து நிற்க வைக்கும். ஆனால் குணமானவர் திரும்பிப் போவது அதே வேலையிடத்துக்குத்தான். அங்கே எதுவும் மாறவில்லை என்றால் அவர் மீண்டும் விழ வாய்ப்புண்டு. எனவே சம்பள உயர்வைப் பற்றிப் பேசும் கூட்டங்களில் இன்னும் மூன்று கேள்விகள் இடம்பெற வேண்டும். அட்டவணையை யார் போடுகிறார்? அதை மாற்ற யாரைக் கேட்பது? கேட்டவருக்கு மறுநாள் வேலை இருக்குமா? இந்த மூன்றுக்கும் நேரான பதில் கிடைக்காத இடத்தில் சம்பளம் உயர்ந்தாலும் மனச்சோர்வு குறையாது.